வானத்துக் கதிரும் மச்சாளின் ஈர நெல்லும்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஆறு. அண்ணன் விட்டுப்போன பிள்ளையையும் சேர்த்து வளர்த்தது ஏழு. எழுதத் தெரிந்தது என் பெயர் மட்டும். நான் சொல்ல, கம்பஸில் பௌதிகம் படிக்கிற பேத்தி தர்ஷினி எழுதுகிறாள்.

போன கிழமை இந்தப் பேப்பரில் என்ன சொன்னேன்? நட்சத்திரம் வெடிக்கிற இடத்திலிருந்து காமாக் கதிர் வருகிறது, பொல்லாத கதிர் என்று. தர்ஷினி சொன்னதில் பாதி அது. மீதிப் பாதியைக் கேட்குமுன் எனக்குச் சோறு வடிக்கிற நேரம் வந்துவிட்டது...

பக்கத்து வளவுப் பூமணி மச்சாள் அதை வாசித்துவிட்டு, வட்டை வயலிலிருந்து வந்த ஈர நெல்லைக் காயப்போடாமல் மூட்டையோடு வீட்டுக்குள் அடுக்கிவிட்டாள்.

"என்னகா, நெல் பழுதாகிடுமே?"

"நீங்கதானே மச்சாள் பேப்பரில சொன்னீங்க. பொல்லாத கதிர் பட்ட நெல்லைப் புள்ளையளுக்கு ஆக்கிக் குடுக்கவா?"

மூட்டைக்குள் கை விட்டேன். சுட்டது. இன்னும் இரண்டு நாள் விட்டால் ஒரு வருசச் சோறு கோழிக்குத்தான்.

தர்ஷினியைக் கூட்டிப்போனேன்.

"அது தரைக்கு வாறதில்ல, அம்மம்மா. மேகத்துக்கும் மேல, காத்தில இருக்கிற ஒரு அணுவின்ட கருவுக்குக் கிட்ட வந்ததும் கதிர் அழிஞ்சிடும். ஒரு எலக்ட்ரோனும் அதுக்கு எதிர்ச் சோடி பொசிட்ரோனும் பிறக்கும்..."

"நெல்லுக்குப் பக்கத்தில நிண்டு அழிஞ்சிது எண்டு சொல்லாத மகள்" என்று மச்சாள் மறித்தாள்.

எங்கள் களவெட்டி வழக்கம் அது. சூடு அடித்து நெல் பிரிக்கிற அந்தக் களத்தில் தீர்ந்தது, முடிந்தது என்று வாய் திறக்க மாட்டோம். குறைந்தாலும் 'பெருகிட்டு' என்போம்.

தர்ஷினி யோசித்தாள். பிறகு சிரித்தாள்.

"சரி, கதிர் பெருகிட்டு. உண்மையும் அதுதான். ஒண்டு ரெண்டாகும். அந்த ரெண்டும் திரும்பக் கதிர் விடும், அதுகளும் ரெண்டு ரெண்டாகும். பெருகப் பெருகப் பலம் பங்குபட்டு, காத்துக்குள்ளயே அடங்கிடும்."

"உங்கட மாமி தன்ட ஏழு புள்ளைக்கும் வளவு பிரிச்ச மாதிரி" என்றாள் மச்சாள், தர்ஷினியிடம் இல்லை — என்னிடம். ஆளுக்கு ஒரு தென்னை வந்தது உண்மைதான்.

அன்றைக்கே முற்றத்தில் படங்கு விரித்து நெல்லைக் காயப்போட்டோம். நெல் தப்பியது. ஒரு மூட்டை மட்டும்... பெருகிட்டு.

பாதி கேட்டு முழுசாய்ச் சொன்னது என் பிழை. கதிர் பாவம், அதன் பாட்டில் வந்தது.

தர்ஷினி, முதலிலிருந்து ஒருக்கா வாசி புள்ள. 'என் பிழை' வருகிற இடத்தை மட்டும் சத்தம் குறைத்து — மச்சாள் வேலிக்கு அங்கால நிற்கிறாள்.