ஈட்டித் தூள்

சாலை பஜாரில் இருக்கும் எங்கள் இரும்புக் கடைக்கு உளி வாங்க வருகிறவர்களில் திரவியத்தைப் போல என் உயிரை எடுத்தவர் கிடையாது. பெட்டியில் இருக்கும் உளியை எல்லாம் நகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சரியில்லை என்று போய்விடுவார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கரமனையில் வாடகை வீடு, அதன் பின்புறமே மரச்சிற்பப் பட்டறை. வளைந்த நகவுளியும் புளியங்கட்டையில் செய்த சுத்தியலான கொட்டாப்புளியும் போதும் அவருக்கு. மிஷின் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மரத்தில் அவருக்கு ஈட்டிதான். தேக்கை எவனும் செதுக்கிவிடுவான் என்பார். ஈட்டி உளியோடு மல்லுக்கு நிற்கும். ஆனால் விழுந்த கோடு மயிரிழை பிசகாது. அதன் வாசனைக்காகவே மூக்கில் துணி கட்டமாட்டார். நானும் திட்டிப் பார்த்தேன்.

"மணம் தெரியாம எப்படி அண்ணாச்சி வேல ஓடும்?" என்பார்.

ஈட்டி செதுக்குகிறவர்கள் மூக்கைச் சிந்தினால் துண்டில் கருஞ்சிவப்பாகத்தான் வரும். தூளின் சாயம் அது. அதனால் திரவியத்தின் துண்டைப் பார்த்து யாரும் பயப்படவில்லை.

போன வருஷம் நல்ல ஈட்டி கிடைக்காமல் குமிழுக்கு மாறினார். குமிழ் வெளிறிய மரம், தூளும் மாவு போலத்தான் இருக்கும். துண்டு துவைத்த மனைவி பூமாரிக்குத்தான் முதலில் உறைத்தது.

"குமிழுதான செதுக்குதிய? பின்ன இது எப்படிக் கருஞ்செவப்பா வருது?"

"உள்ள கெடக்க பழைய தூளு பிள்ள. மெல்ல எறங்கும்."

ஓணமும் போயிற்று. இடது கண் பிதுங்க ஆரம்பித்த பிறகுதான் என் கத்தலுக்கு மசிந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

துண்டில் வந்தது ரத்தம். மூக்குக்குள் புற்றுநோய், கண்ணைத் தாண்டி மூளை வரைக்கும் போயிருந்தது. மலையாளி டாக்டர் ஆஷா சுற்றி வளைக்கவில்லை.

"இனி ஆபரேஷன் பற்றில்லா, செய்ய முடியாது. வேதனை குறைய மருந்து தரலாம். கொஞ்சம் முன்னே வந்திருக்கலாமே?"

திரவியம் தலையாட்டினார், அவ்வளவுதான். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது எனக்கு. அந்த ஆத்திரத்திலேயே அழுகையும் வந்தது.

பூமாரி அவர் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மருந்து வாங்க என்னோடு வெளியே வந்தவள் வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"தெனமும் இந்தக் கையாலதான் அந்தத் துண்டக் கசக்கிப் பிழிஞ்சேன் அண்ணாச்சி. மரத்தப் பத்தி அவியளுக்குத் தெரியாததான்னு நம்பிட்டேன்."