வளைகாப்பு அன்று திறக்காத கார்

என் வளைகாப்பு நாள் காலையில், தேக்கா கடைத்தெருப் பக்கத்து அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்தில், நானும் என் கணவரும் வேறொருவர் காரைத் திருடப் பார்த்தோம். அது திருட்டு என்று அப்போது எங்களுக்கே தெரியாது.

என் கணவருக்குக் கார் திருட்டு என்றால் தீராத பயம். சாவியிலிருந்து வரும் சிக்னலைத் திருடர்கள் வீட்டு வாசலில் நின்றே பிடித்துவிடுகிறார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, இரவானால் ரிமோட் சாவியைத் தகர பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிடுவார். அது போதாதென்று ஸ்டீயரிங்குக்கு மஞ்சள் நிறத்தில் ஓர் இரும்புப் பூட்டு வேறு.

“இந்தத் தீவுல காரைத் திருடி எங்க கொண்டு போவாங்க? சுத்திச் சுத்தி இங்கயேதானே வரணும்?” என்று கேட்பேன்.

“பாலம் தாண்டினா ஜோகூர், வேற நாடு லா. நீ சிரிச்சுக்கிட்டே இரு” என்பார்.

இவ்வளவு காவல் செய்தவர் அந்தச் சாவியின் பேட்டரியை மட்டும் மாற்றவில்லை. சாவிப் படம் ஒன்று காரின் திரையில் சில வாரங்களாகவே மினுக்கிக்கொண்டிருந்தது. கதவு திறக்காதபோது ரிமோட்டை ஊதுவார், சட்டையில் துடைப்பார், சிக்னல் கூடுமென்று தாடையில் வைத்து அழுத்துவார். திறந்துவிடும். “பாத்தியா, நல்லாத்தான் இருக்கு” என்பார்.

வளைகாப்பு தோ பாயோவில், கோவில் மண்டபத்தில். மாலையும் கண்ணாடி வளையலும் வாங்கத்தான் இருவரும் தேக்கா வந்தோம். என்னை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். வளையலின் நிறத்தை நானே பார்த்து எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாகக் கிளம்பிவிட்டேன். ஏழு மாத வயிறும் கைநிறையப் பைகளுமாகக் கார் நிறுத்துமிடத்துக்குத் திரும்பினோம். கணவர் எங்கள் வெள்ளைக் காரின் அருகே போய் ரிமோட்டை அழுத்தினார். சத்தமே இல்லை. ஊதினார். துடைத்தார். தாடையில் வைத்தார். கதவைப் பிடித்து இழுத்தார்.

நான் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். “ஏங்க, ஸ்டீயரிங் பூட்டக் காணோம்!”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “அறுத்துட்டான்! எவனோ உள்ள வந்திருக்கான்!” என்று இன்னும் பலமாகக் கதவை உலுக்கினார்.

“தம்பி, என் கார் மேல என்ன கோவம்?”

பின்னால் ஒரு பெரியவர் நின்றிருந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி. பக்கத்தில் முக்காடிட்ட அவர் மனைவி. பெரியவர் தன் சட்டைப் பையிலிருந்த ரிமோட்டை அழுத்தினார். விளக்குகள் கண்சிமிட்ட, கார் ‘டிக்’ என்று திறந்துகொண்டது. என் கணவர் கதவிலிருந்து கையைச் சட்டென்று எடுத்தார். எனக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் காரும் அதே வெள்ளை, அதே மாடல். நிறுத்தியது இதற்குக் கீழ்த்தளத்தில்.

“பாவம், புள்ளத்தாச்சிப் பொண்ணு இத்தனை பையோட நிக்குது” என்று அந்த அம்மா என் பைகளை வாங்கிக்கொண்டு எங்களுடன் கீழே வந்தார். பெரியவரும் பின்னாலேயே வந்தார்.

எங்கள் காரும் ரிமோட்டுக்குத் திறக்கவில்லை. பேட்டரி முழுதாகத் தீர்ந்திருந்தது. ரிமோட்டுக்குள் ஒளிந்திருந்த சின்ன இரும்புச் சாவியை உருவிக் கணவர் கதவைத் திறந்தார். அவ்வளவுதான், ஹாரன் அலறத் தொடங்கியது. திருடனுக்காக வைத்த அலாரம் அத்தனையும் எங்களுக்காகவே முழங்கியது. பாதுகாவலர் ஓடி வந்தார்.

“இவங்க திருடங்க இல்ல லா!” என்று பெரியவர் சத்தத்துக்கு மேல் கத்தினார். “இது இவங்க கார்தான். இவங்க திருடப் பாத்தது என் காரு!”

பாதுகாவலர் குழம்பி நின்றார். கணவர் உள்ளே உட்கார்ந்து கண்ட பொத்தானையெல்லாம் அழுத்திக்கொண்டிருந்தார். எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. கார் வாங்கிய அன்று விற்பனைப் பெண் சொன்னதை நான்தான் காது கொடுத்துக் கேட்டிருந்தேன்.

“ரிமோட்ட ஸ்டார்ட் பொத்தான் மேலயே ஒட்டி வெச்சு அழுத்துங்க!”

அழுத்தினார். அலறல் நின்றது, எஞ்சின் உறுமியது. பாதுகாவலர் கைதட்டினார்.

அந்த அம்மாவின் கண் இப்போது வளையல் பையில் இருந்தது. “வளைகாப்பா? இன்னைக்கேவா?” என்றவர், பதிலுக்குக் காத்திருக்காமல் ஒரு பச்சை வளையலை எடுத்து, பிஸ்மில்லா சொல்லி என் கையில் மெல்ல ஏற்றினார். “நல்லபடியா பெத்தெடு, கண்ணு.” என் கண் நிறைந்துவிட்டது. இருவரும் வளைகாப்புக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று அழைத்தேன்.

வந்தார்கள். பெரியவருக்கு ஜாலான் புசார் பகுதியில் ஹார்ட்வேர் கடை. வழியில் அங்கிருந்து ஒரு பொத்தான் பேட்டரியும் எடுத்து வந்திருந்தார். மேடையில் பெண்கள் எனக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருக்க, மண்டபத்தின் ஓரத்தில் ஆண்கள் கூடி ஒரு நாணயத்தால் ரிமோட்டின் மூடியை நெம்பிக்கொண்டிருந்தார்கள்.

என் கையைப் பிடித்த மாமியார் திகைத்தார். “முதல் வளையல நான்தானே போடணும்? இதை யாரு போட்டது?”

கூட்டத்தில் அந்த அம்மா கூச்சத்தோடு கையை உயர்த்தினார். மாமியார் ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தார்.

“அப்ப அடுத்த கைக்கும் நீங்களே ஆரம்பிச்சு வைங்க.”