வலப்பக்கம் அம்மா, இடப்பக்கம் அத்தை

சடை போட்டால் முடி வளருமா, கொட்டுமா என்ற வழக்கில் சாட்சி சொல்ல என்னை மாதிரி தகுதி உள்ளவர்கள் இந்த உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த வழக்கு நடந்ததே என் தலையில்தான்.

அது சண்டைக் காலம். சண்டை எங்கேயோ சீமையில் நடந்தது. நூல் மட்டும் எங்கள் ஆட்டையாம்பட்டியில் காணாமல் போயிற்று. பொழுது விடிந்தால் தறிச் சத்தம் கேட்கிற தெரு, பல நாள் சத்தமே இல்லாமல் கிடந்தது. அப்பா தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டபடி சும்மா உட்கார்ந்திருப்பார். நூல் வந்தால் நெசவு, நெசவு நடந்தால் அரிசி. இல்லாவிட்டால் ராகிக்களி, அதுவும் இல்லாத நாளில் மரவள்ளிக்கிழங்கு. எனக்குக் கிழங்கு ரொம்பப் பிடிக்கும். அதனால் அந்தக் காலத்தைப் பற்றி என்னிடம் ஒரு புகாரும் இருந்ததில்லை.

எங்கள் அப்பா வழியில் எல்லோருக்கும் சுருட்டை முடி. சீப்பை உள்ளே விட்டால் வெளியே வர அது மனசு வைக்க வேண்டும். அம்மா ராசிபுரத்துக்காரி. அவள் பிறந்த வீட்டில் பெண்களுக்கெல்லாம் நீளமாக, தண்ணீர் ஊற்றியது போலப் படிந்த முடி. வாழ வந்த வீட்டில் தனக்குப் பிறந்த பெண்கள் இரண்டும் அப்பாவின் தலையை வாங்கிக்கொண்டு வந்ததை அவள் கடைசிவரை மன்னிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். தினமும் காலையில் என்னையும் அக்காவையும் பிடித்து உட்காரவைத்து, விளக்கெண்ணெயை அப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு வாரி, இழுத்து இழுத்துப் பின்னுவாள். முடிந்து எழுந்தால் என் புருவம் இரண்டும் மேலே ஏறியிருக்கும். எதையோ பார்த்து அதிசயப்பட்டவள் மாதிரியே நாள் முழுக்கத் திரிவேன்.

அடுத்த வீட்டில் இருந்த அத்தைக்கு இதைப் பார்த்தாலே ஆகாது. அத்தை அப்பாவுக்கு அக்கா. அவளும் சுருட்டைத் தலைக்காரிதான். ஆனால் ஒரு நாளும் இறுக்கிப் பின்னியதில்லை. அரப்புத் தேய்த்துக் குளித்து, விரலால் சிக்கெடுத்து, தளரத் தளர ஒரு கொண்டை போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருப்பாள்.

"ஏ அம்மிணி, அது புள்ளைங்க தலையா, தேர்வடமா? இந்த இழுப்பு இழுத்தா வேரோட வந்துருமாக்கும்" என்பாள்.

"சும்மா இருங்க நங்கை. அவுத்து உட்டா அது காத்துல அறுந்து அறுந்துதான் போவும். இறுக்கிப் பின்னி வெச்சாத்தான் நிக்கும், நீளும்" என்பாள் அம்மா. நாத்தனாரை 'நங்கை' என்றுதான் கூப்பிடுவாள். மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது. ஆனால் விட்டுக்கொடுக்க மட்டும் மாட்டாள்.

இது வெறும் வாய்ச்சண்டையாகவே போயிருக்கும், அக்காவின் முடி மட்டும் கொட்டாமல் இருந்திருந்தால். அந்த வருஷம் அக்காவுக்கு நெற்றியோரத்தில் முடி குறைந்துகொண்டே வந்தது. வாரினால் சீப்பு நிறைய முடி வந்தது. சித்திரையில் எடப்பாடியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிற பொம்பளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பூ வைக்கிற சாக்கில் பின்னால் வந்து, சடையை வெடுக்கென்று சுண்டி இழுத்துப் பார்ப்பார்கள். சவுரி வைத்திருந்தால் கையோடு வந்துவிடும். அக்கா சவுரி வைக்கவில்லை. ஆனாலும் வந்த அம்மாள் பூவை வைத்துவிட்டு, தன் விரலில் சுற்றிக்கொண்டிருந்த முடியை ஒரு பார்வை பார்த்தாள். "ஊட்டுக்குப் போயிச் சொல்லியுடறமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்லிவிடவே இல்லை.

அடுத்து சேந்தமங்கலத்திலிருந்து ஒரு வரன். ஆவணியில் வருகிறோம் என்றார்கள். தறியும் உண்டு, மலையடிவாரத்தில் நெல் வயலும் உண்டு. அந்த இடமும் தலையைப் பார்த்துத் தட்டிப்போனால் என்ன செய்வது என்று அம்மாவுக்குத் தூக்கமே போயிற்று. ஆவணிக்குள் அக்காவின் முடியைத் தேற்றியாக வேண்டும். இறுக்கிப் பின்னியா, தளர விட்டா? அம்மா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம். அக்கா நடுவில், வாயே திறக்காமல்.

கடைசியில் தறிக்குழியிலிருந்து அப்பா சொன்னார். "எதுக்கு இந்தக் கத்து கத்தறீங்க? ஒரே பாவுல ஆளுக்கொரு பக்கம் நெய்ஞ்சு பாத்தாத் தெரிஞ்சுபோவுது."

பாவு என்றால் தறியில் நீளவாக்கில் கட்டுகிற நூல். அவர் அவர்களை வாயடைக்க வைக்கத்தான் அதைச் சொன்னார். ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு நிற்கிற தலையில் யாராவது பரீட்சை செய்து பார்ப்பார்களா? நான்தான் சும்மா இருந்தேன்.

அன்றிலிருந்து நேர்வகிட்டுக்கு வலப்பக்கம் அம்மாவுக்கு, இடப்பக்கம் அத்தைக்கு. ஒருத்தி பக்கத்தை மற்றவள் தொடக் கூடாது. வலப்பக்கம் இறுகிய சடை. இடப்பக்கம் லேசாக முடிந்துவிட்ட சுருட்டை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், "இங்க பாருங்கடா, ஒரு பக்கம் எருமைக் கொம்பு, ஒரு பக்கம் வைக்கப்போரு" என்று கத்தினார்கள். நான் அசரவில்லை. ஒரு பெரிய காரியத்துக்காக என் தலை உழைக்கிறது என்று எனக்குத் தெரியும். அது தெரியாத பொடிசுகளிடம் எனக்கென்ன பேச்சு? புருவம்கூட இப்போது ஒன்றுதான் மேலே ஏறியிருந்தது. அது எனக்கு ஒரு மிடுக்கைக் கொடுத்ததாகவே நினைத்துக்கொண்டேன்.

ஆடி கடைசியில் தீர்ப்புக்காக என்னை வெளிச்சத்தில் உட்காரவைத்தார்கள். அப்பா நூல் பிடித்து அளந்தார். வலப்பக்கம் நீளம் கூடுதல். அம்மா முகத்தில் சிரிப்பு வந்தது. அத்தை என் காதோரத்தைத் தூக்கிக் காட்டினாள். சடை இழுத்த இடத்தில் முடி விட்டுப்போய்த் தோல் பளபளவென்று தெரிந்தது. "இப்ப என்ன சொல்ற அம்மிணி?" என்றாள். அம்மா விடுவாளா? இடப்பக்கத்தைப் பிரித்தாள். உள்ளே பெரிய சிக்கு, அதற்குள் பேன் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. சிக்கைக் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆக, என் தலையில் இரண்டு பக்கமும் நஷ்டம். வழக்கு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்போது அம்மாதான் அந்தப் புது யோசனையைச் சொன்னாள். "நங்கை, இழுத்தாலும் அறுவுது, உட்டாலும் அறுவுது. பின்னலு மேல தப்பில்லீங்க. நூலுலதான் சத்தில்ல. கஞ்சி போடாத பாவ எப்பிடிப் புடிச்சாலும் அறுந்துதான போவும்?"

அத்தை, "அட, ஆமா அம்மிணி" என்றாள். எனக்கு நினைவு தெரிந்து அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. அக்கா தலைக்குக் கஞ்சி போடுவது என்று முடிவாயிற்று. முடியும் உரம் ஏறும், சுருட்டையும் படிந்துவிடும். நெசவுக்காரர்கள் வீட்டைத் தவிர வேறெந்த வீட்டிலும் இந்த யோசனை யாருக்கும் உதித்திருக்காது.

அந்த வாரமே கொஞ்சம் நூல் வந்தது. விடிந்தும் விடியாததுமாக, கஞ்சி தேய்த்துக் காயவைக்கத் தெருவில் பாவு நீட்டினார்கள். பாவுக்கு என்றால் எங்கள் வீட்டில் அரிசிக் கஞ்சிதான். நாங்கள் களி தின்போம், கிழங்கு தின்போம். பாவு மட்டும் அரிசிதான் குடிக்கும். கஞ்சியில் எண்ணெய் விடுவதற்கு முன்னாலேயே அம்மா ஒரு வட்டில் நிறைய மொண்டு அக்காவிடம் கொடுத்தாள். "பொடக்காலிக்குப் போயி நல்லா வேர்க்காலு வரைக்கும் தேச்சு ஊற வெச்சுட்டு வா சாமி" என்றாள். பொடக்காலி என்றால் வீட்டுக் கொல்லைப்புறம்.

பரீட்சைத் தலை என்கிற முறையில் நானும் பின்னாலேயே போனேன். துணி துவைக்கிற கல்லின் மேல் அக்கா உட்கார்ந்தாள். வட்டிலை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். சடையை அவிழ்க்கவில்லை. வட்டிலை இரண்டு கையாலும் தூக்கி வாயில் வைத்தாள். மூச்சு விடாமல் குடித்தாள். அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்கினாள். அப்புறம் தொட்டித் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள்.

எனக்கு வந்த கோபம்! இதற்காகவா என் காதோரத்தைக் கொடுத்தேன்? இதற்காகவா ஊரெல்லாம் எருமைக் கொம்பு என்று பேர் வாங்கினேன்? தெருவுக்கு ஓடி, பாவில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். "அம்மா! முடிக்கு வெச்ச கஞ்சிய அக்கா குடிச்சுப்புட்டா!"

யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா பாவைத் தேய்த்துக்கொண்டிருந்த கையை அப்படியே எடுத்துவிட்டுக் கொல்லைக்கு நடந்தாள். கஞ்சி ஈரத்தோடு இருக்கும்போது பாவை விட்டுவிட்டுப் போகிற வழக்கம் எங்கள் தெருவிலேயே கிடையாது. வெயில் ஏறினால் நூல் நூலோடு ஒட்டிக்கொண்டு எல்லாம் வீண். அப்பா கூப்பிடக்கூட இல்லை.

அந்த வரன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆவணியில் சேந்தமங்கலத்தார் வந்தார்கள். அம்மா முந்திக்கொண்டு, "புள்ளைக்கி முடி கம்மிதானுங்க" என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "முடிக்கென்னங்க, நம்மூட்டுச் சோத்த ஒரு வருசம் தின்னா தானா வருது" என்றாள். தையில் கல்யாணம் ஆயிற்று, முடியும் அப்படியே வந்தது. தலைத் தீபாவளிக்கு அக்கா கொத்துச் சடையோடு வந்து நின்றபோது, அது தன் பின்னல் என்று அம்மாவும், தன் அரப்பு என்று அத்தையும் மறுபடி ஆரம்பித்தார்கள்.

ஆனால் அன்று கொல்லையில் நான் எதிர்பார்த்தது அக்காவுக்கு விழப்போகிற அடியை. நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன். அக்கா எழுந்து நின்றாள், வாயோரத்தில் கஞ்சி.

"காத்தால என்ன தின்ன?" என்றாள் அம்மா.

"சாப்புட்டனுங்கம்மா."

"நேத்து ராத்திரி?"

"சாப்புட்டனுங்கம்மா."

அம்மா அடிக்கவில்லை. உள்ளே போய் இன்னொரு வட்டில் கஞ்சி கொண்டுவந்து, உப்புப் போட்டு, அக்கா கையில் கொடுத்து, "குடி" என்றாள். திருடியவளுக்கு இரண்டாவது வட்டில்! எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கும் ஒன்று வேண்டும் என்று காலை உதைத்தேன்.

அம்மா என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டாள். "ஏஞ் சாமி, உனக்கும் பசிக்குதா?"

"எனக்கெதுக்குப் பசிக்குது? முடிக்குத்தான் கேக்கறேன்" என்றேன். அம்மாவுக்கு விவரம் தெரியவில்லையே என்று நானே எடுத்துச் சொன்னேன். "அக்காவுக்குக் களி புடிக்காதுங்கம்மா. கெழங்கும் புடிக்காது. தெனமும் அவளுதையும் நாந்தான் திங்கறேன். எனக்குப் பசியே வராது."

அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டில் சோற்றைப் போடுகிறவள் அவள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் அவளும் நானும்தான் இருப்போம். என்னைத் தவிர வேறு யாருக்கு இதெல்லாம் தெரியும்?

அம்மா துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. நல்ல வெயில் ஏறிவிட்டிருந்தது. பாவு வீணாகப் போகிறதே என்றுதான் அழுகிறாள், வேறென்ன இருக்கும் என்று நினைத்தேன். தெருவுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்: "சீக்கிரம் தேயுங்கப்பா, பாவு காயுதுன்னு அம்மா அழுவறாங்க."