மூன்று இழுப்பில் ஒரு வட்டம்

என் அக்காவுக்கு இருபது வருஷமாக ஒரே தொழில், அடுத்தவர் நகத்துக்குப் பாலிஷ் போடுவது. கடைத்தெருவில் மாடியில் ஓர் அறை. இரண்டு நாற்காலி, ஒரு மேஜை விளக்கு, சுவர் முழுக்கக் குப்பிகள். படியேறும்போதே பழைய பாலிஷை அழிக்கும் ரிமூவர் நெடி மூக்கைத் துளைக்கும். அக்காவுக்கு மட்டும் அது தெரியாது; அவள் மூக்கு செத்து வெகுநாளாகிறது. குனிந்து குனிந்து கழுத்தும் கெட்டுவிட்டது. யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்ப மாட்டாள், ஆளே திரும்புவாள்.

அவள் மகளை நாலு வயதிலிருந்தே டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். பட்டத்தை நாங்கள் கொடுத்துவிட்டோம், படிப்புதான் பாக்கி. மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டாள். மூளைக்குக் குறைச்சல் இல்லை, நேரம்தான் போதவில்லை. இருநூறு கேள்வியில் கடைசி முப்பதைத் தொடுவதற்குள் மணி அடித்துவிடும்.

"இதுதாம்மா கடைசி. இந்த வாட்டியும் கிடைக்கலன்னா நானும் உன்கூடவே கடையில உட்கார்ந்துடறேன்" என்றாள் ஒருநாள். அக்காவின் முகம் பேயறைந்தது போல ஆனது. தன் நாற்காலியில் மகள் உட்காருவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

அன்று தொடங்கியது வீட்டில் நேரத்தை மிச்சம் பிடிக்கும் கூத்து. அத்தான் தன் பங்குக்கு, மகள் தலை வாரும் நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்து, முடியை வெட்டச் சொன்னார். தேர்வு அறையில் யாரும் தலை வாரப் போவதில்லையே என்றேன். என் பேச்சை யார் கேட்டார்கள்? முடி போயிற்று. கடைக்கு வரும் பேங்க் அம்மா, தெரியாத கேள்விக்கெல்லாம் யோசிக்காமல் மூன்றாவது விடையைப் போடச் சொன்னார். உங்கள் மகன் எந்தக் கல்லூரியில் படிக்கிறான் என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை.

கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தது அக்காதான். மகள் மாதிரித் தேர்வு எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். விடை தெரிந்ததும் விடைத்தாளில் அதற்குரிய வட்டத்தைப் பேனாவால் கறுப்பாக்க வேண்டும். டாக்டரம்மா ஓரத்தைச் சுற்றி வந்து, உள்ளே நிரப்பி, விட்டுப்போன புள்ளியைத் தேடிப் பிடித்து, ஒரு வட்டத்துக்குப் பதினைந்து விநாடி எடுத்துக்கொண்டாள்.

"ஏண்டி, இதுல என்ன சித்திரமா வரையற? நடுவுல ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. மூணே இழுப்பு. நகம் முடிஞ்சுது!"

"அம்மா, இது நகம் இல்ல."

"நகத்தை விடச் சின்னதுதானே. அப்போ இன்னும் சீக்கிரம் முடியணும்."

ஒரு வட்டத்துக்குப் பன்னிரண்டு விநாடி மிச்சம் என்றால் இருநூறுக்கு நாற்பது நிமிஷம். எனக்கே மலைப்பாகத்தான் இருந்தது.

பயிற்சிக்கு நல்ல தாளை வீணாக்குவானேன் என்று என் கையைப் பிடித்தார்கள். டாக்டரம்மா பத்துக் கேள்விக்கு விடை கண்டுபிடிப்பாள், பிறகு என் பத்து நகத்துக்கும் மடமடவென்று பாலிஷ் அடிப்பாள், நகத்துக்கு மூன்று இழுப்பு. கடைசியில் இருக்கும் சுண்டுவிரலில்தான் ஆரம்பிக்க வேண்டும். அது அக்கா கடைச் சட்டம்; இல்லாவிட்டால் ஈரத்தில் கை பட்டுவிடும். இரண்டு மாதம் என் நகம் நாளைக்கு ஆறு தடவை நிறம் மாறியது. நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் சீட்டை நீட்டுகிறவர்கள் மருந்தை மறந்துவிட்டு என் விரலைப் பார்த்தார்கள். இவ்வளவு செய்த எங்களில் ஒருவருக்காவது, ஒரே ஒரு தடவை தாளில் போட்டுப் பார்க்கட்டும் என்று தோன்றியதா? தோன்றவில்லை.

தேர்வு முடிந்து அவள் வெளியே வந்தாள். "முழுசா முடிச்சுட்டேம்மா. பதினோரு நிமிஷம் மிச்சம்" என்றாள். அக்கா அவளைக் கட்டிக்கொள்ளப் போனாள். அதற்குள் மகளின் உதடு கோணியது.

"முதல் பத்தை மட்டும் சுண்டுவிரல்லேர்ந்து போட்டுட்டேன்."

பழகின கை, பத்துக் கேள்விக்கு விடை கண்டுபிடித்ததும் நேராகப் பத்தாவது கேள்வியின் வட்டத்துக்குப் போயிருக்கிறது. முதல் கேள்வியின் விடை பத்தாவதில், இரண்டாவதின் விடை ஒன்பதாவதில். பத்தும் முடிந்த பிறகுதான் புரிந்திருக்கிறது. பேனா மசி, அழிக்கவும் முடியாது. மற்றதையெல்லாம் மேலிருந்து ஒழுங்காகப் போட்டுவிட்டு, மிச்சம் பிடித்த பதினோரு நிமிஷமும் அந்தப் பத்து வட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

வீட்டுக்கு வந்து விடைகளைச் சரிபார்த்தோம். ஒன்றுக்கும் பத்துக்கும் ஒரே விடை, நாலுக்கும் ஏழுக்கும் ஒரே விடை. அந்த நாலும் தப்பித்தன. ஆறு போனது போனதுதான்.

முடிவு வர மூன்று வாரம். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "என் புள்ள வாழ்க்கையில நானே மண்ணை அள்ளிப் போட்டுட்டேனே" என்று புலம்பினாள். எனக்கு எரிச்சல் வந்தது. "ஆறு போனதை மட்டும் சொல்லு. எப்பவும் விட்டுட்டு வர்ற முப்பதையும் எழுதினாளே, அது யாரால?" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, எனக்கும் உள்ளூர உதறல்தான். கடையில் அக்கா சுண்டுவிரலை விட்டுவிட்டுக் கட்டைவிரலில் ஆரம்பித்து, வந்தவர் நகத்தையெல்லாம் ஈஷி வைத்தாள்.

முடிவு வந்த அன்று பேங்க் அம்மாவின் கை அக்கா மடியில் இருந்தது. டாக்டரம்மா படியேறி ஓடி வந்தாள்.

"கிடைச்சிருச்சும்மா! மூணே மூணு மார்க்குல தப்பிச்சேன்."

அக்கா ஆளே திரும்பினாள். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அதைத் துடைத்தபடியே, "எத்தனை வருஷம்டி படிக்கணும்?" என்று கேட்டாள். வாசல் திறக்குமா என்ற கவலையில் உள்ளே எவ்வளவு தூரம் என்று எங்களில் யாரும் கேட்டுக்கொள்ளவே இல்லை.

"கிட்டத்தட்ட ஆறு வருஷம்மா. அதுக்கு மேலயும் படிச்சா இன்னும் மூணு."

நிமிஷத்தையும் விநாடியையும் மிச்சம் பிடித்த அக்கா ஒன்பது வருஷத்தை மனதுக்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்தாள்.

"அவசரப்படாம படி. நான் இங்கதானே உட்கார்ந்திருக்கப் போறேன்" என்றாள்.

பிறகு பேங்க் அம்மாவின் கையை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.