கடைசி வண்டிக்கு மட்டும் பாஸ்

1. பின்னால் நிற்க ஒரு சண்டை

துறைமுகத்தைச் சுற்றியே முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். டிரெய்லர் டிரைவர்கள் முன்னால் போவதற்கு அடித்துக்கொள்வதைத் தினமும் பார்த்திருக்கிறேன். பின்னால் நிற்பதற்கு அடித்துக்கொண்டதை ஒரே ஒரு வாரம்தான் பார்த்தேன். அதற்குக் காரணம் நான் எழுதிய ஒரு கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட். இதை வெளியில் சொல்ல எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. கம்ப்யூட்டர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்பதால் இப்போது சொல்கிறேன்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு. ரெண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்த நேரம். அங்கே கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. பிரிவு என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். நான், ஒரு லினக்ஸ் சர்வர், பாதி நாள் ஓடாத ஏசி, அவ்வளவுதான்.

வேலை இப்படி நடக்கும். வெளியே வரிசையில் நிற்கும் டிரெய்லர்களின் பெட்டி எண்களைப் பத்துப் பத்தாக கேட்டில் டைப் அடிப்பார்கள், வரிக்கு ஓர் எண். என்னுடைய பெர்ல் ஸ்கிரிப்ட் அந்த ஃபைலை வரி வரியாகப் படித்து, சர்வரில் இருக்கும் அனுமதிப் பட்டியலோடு ஒப்பிடும். எண் பட்டியலில் இருந்தால் கேட் பாஸ் பிரின்ட் ஆகும். இல்லாவிட்டால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஆள் போய் ரெஜிஸ்டரைப் புரட்டித் தேடி வர வேண்டும். அதற்குள் வரிசை எண்ணூர் ரோட்டை அடைத்துவிடும்.

முதல் கேட்டில் பழைய டெர்மினல் இருந்தது. அதில் அடிப்பது நேராக சர்வரில் ஏறும். ரெண்டாவது கேட் திறந்தபோது அங்கே புது விண்டோஸ் பிசி வாங்கி வைத்தார்கள். நோட்பேடில் அடித்து சர்வரில் இருக்கும் ஷேர் ஃபோல்டரில் சேவ் செய்தால் போதும் என்று ஏற்பாடு செய்து கொடுத்தவன் நான்தான்.

அந்த பிசிக்கு கஸ்தூரி வந்தாள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு பெண். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். கான்ட்ராக்டில் எடுத்திருந்தார்கள், அதாவது நாளைக்கு வராதே என்று சொல்ல ஒரு வாய் வார்த்தை போதும். அப்பா ரயில்வேயில் பாரம் தூக்கி முதுகு போய் வீட்டில் படுத்திருந்தார். வீடு அவள் வேலையை நம்பித்தான் இருந்தது.

திங்கட்கிழமை கேட்டைத் திறந்தார்கள். பத்து வண்டிக்கு ஒன்பது வண்டி "பட்டியலில் இல்லை" என்று வந்தது.

2. நான் கொடுத்த தீர்ப்பு

மேனேஜர் சம்பத் என் அறைக்கே வந்துவிட்டார்.

"என்னய்யா இது? முதல் கேட்ல ஒரு தொந்தரவும் இல்ல. ரெண்டாவது கேட்ல மட்டும் இந்தக் கூத்து. உன் புரோகிராம்ல ஏதாவது கோளாறா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் புரோகிராமைக் குறை சொன்னால் அந்தக் காலத்தில் எனக்குப் பொறுக்காது. எத்தனை தடவை சோதித்துப் பார்த்திருந்தேன்! எல்லாச் சோதனை ஃபைலையும் சர்வரில் உட்கார்ந்து நானே அடித்தேன் என்பது அப்போது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

ஸ்கிரிப்டை ஓட்டிக் காட்டினேன். எண் கிடைக்காவிட்டால், அந்த எண்ணையும் பக்கத்தில் NOT IN LIST என்ற வார்த்தையையும் திரையில் காட்டும்படி எழுதியிருந்தேன். திரையில் NOT IN LIST மட்டும் வரிசையாக ஒன்பது தடவை வந்தது. எண்ணையே காணோம்.

"பாத்தீங்களா சார், அந்தப் பொண்ணு நம்பரே அடிக்கல. சும்மா வெறும் வரியா தட்டி அனுப்புது" என்றேன்.

கஸ்தூரியைக் கூப்பிட்டார்கள். அவள் நோட்பேடைத் திறந்து காட்டினாள். பத்து எண்ணும் பளிச்சென்று இருந்தன.

"இதோ கீதே சார், பத்தும்! இன்னா சார் நம்பரே இல்லன்றீங்க?"

"அப்போ நம்பருக்குப் பின்னாடி ஸ்பேஸ் கிஸ்பேஸ் தட்டியிருப்பே. பாத்து அடிம்மா" என்று அடித்துப் பேசினேன். பார்க்காமலே பேசினேன் என்பதுதான் உண்மை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அதே கதை. புதன் சாயங்காலம் சம்பத் ஒரு கடிதத்தை டைப் செய்ய வைத்தார். "என் கவனக்குறைவால் ஏற்பட்ட தவறுக்கு வருந்துகிறேன், இனி நிகழாது" என்று இரண்டே வரி. கீழே அவள் பெயர். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும், போட்டாலும் இன்னொரு தடவை நடந்தால் வேலை கிடையாது, போடாவிட்டால் திங்களிலிருந்து வர வேண்டாம். இதுதான் அவளுக்குச் சொல்லப்பட்டது.

3. மூன்று நாள் நோட்டு

வியாழக்கிழமை காலை ரெண்டாவது கேட்டில் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால் டிரைவர் மாரி வண்டியைக் குறுக்கே போட்டுக்கொண்டு இன்னொரு டிரைவரிடம் கத்துகிறார்.

"நா அப்பவே சொல்லிட்டேன் மாமு, கடசி நான்தான்! நீ முன்னாடி போ நைனா!"

"ஏன், நா மட்டும் இன்னா கேனையா? நீ போ முன்னாடி!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கஸ்தூரி கையில் ஒரு நோட்டோடு வந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் கொஞ்சமும் இறங்கவில்லை.

"சார், டிரைவருங்க கண்டுபுட்ச்சிட்டாங்க. பத்து நம்பர் அடிச்சா கடசி நம்பருக்கு மட்டும்தான் பாஸ் வருது. அதான் எல்லாரும் என் நம்பர கடசில போடு தங்கச்சின்னு பேஜாரு பண்றாங்க. மூணு நாளா நானும் எழுதி வச்சிகினு வரேன், பாருங்க."

நோட்டில் கட்டம் போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு பத்திலும் கடைசி எண்ணுக்கு மட்டும் டிக். ஒன்றுகூடத் தவறவில்லை.

"நா தப்பா அடிக்கிறேன்னா பத்துல எதுனா ஒண்ணு தப்பாவும். கடசி ஒண்ண மட்டும் எப்டி சார் எப்பவும் கரீட்டா அடிப்பேன்?"

நோட்டை வாங்கி மறுபடி புரட்டிப் பார்த்தேன். 

"கடைசி நம்பர் அடிச்சதும் என்ன பண்ணுவே?"

"சேவ் பண்ணுவேன்."

"என்டர் தட்ட மாட்டியா?"

"எதுக்கு சார் தட்டணும்? அதுக்கு கீழ அடிக்க இன்னா கீது?"

அவளை என் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் ஃபைலை od -c கமாண்டில் போட்டேன். ஃபைலில் இருக்கிற ஒவ்வொரு எழுத்தையும், கண்ணுக்குத் தெரியாத குறிகள் உட்பட, அப்படியே பிரித்துக் காட்டும் கமாண்டு அது. ஒன்பது எண்களுக்குப் பின்னாலும் \r \n என்று இரண்டு குறிகள். பத்தாவதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

விண்டோஸில் என்டர் தட்டினால் வரியின் முடிவில் இரண்டு குறிகள் விழும். லினக்ஸில் ஒன்றுதான், \n. என் ஸ்கிரிப்டில் இருந்த chomp என்ற கட்டளை அந்த ஒன்றை மட்டும் வெட்டியது. \r எண்ணோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பதினோரு எழுத்துப் பெட்டி எண் பன்னிரண்டு எழுத்தாகிவிட்டால் பட்டியலில் எப்படிக் கிடைக்கும்? திரையில் எண் காணாமல் போனதும் அதனால்தான். \r கர்சரை வரியின் தலைக்கே கொண்டுபோய்விட, NOT IN LIST அந்த எண்ணின் மேலேயே எழுதப்பட்டது.

அவளுக்கு இதை எப்படி விளக்குவது என்று யோசித்தேன். \r கர்சரை வரியின் தலைக்குத் திருப்பும், \n அடுத்த வரிக்கு இறக்கும், நான் ஒன்றைத்தான் வெட்டினேன் என்று தொடங்கினேன். மீதியை அவளே சொன்னாள்.

"டைப்ரைட்டிங் மிஷின்ல லிவர தள்ளுனா ரெண்டு வேல நடக்கும்ல சார்? கேரேஜ் திரும்பும், பேப்பர் மேல ஏறும். அந்த ரெண்டுல நீங்க ஒண்ண மட்டும் கணக்குல எடுத்துகினீங்க."

அவ்வளவுதான் விஷயம். chomp இருந்த இடத்தில் s/[\r\n]+$// என்று மாற்றினேன். இரண்டு குறி இருந்தாலும், ஒன்று இருந்தாலும், எதுவும் இல்லாவிட்டாலும் சரியாகப் படிக்கும். மாற்றுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"மேனேஜர்கிட்ட நான் சொல்லிடறேன். நீ கவலைப்படாதே" என்றேன். ஆனால் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று அன்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

4. கடிதம்

வெள்ளிக்கிழமை காலை பத்துக்குப் பத்தும் பாஸ் வந்தது. மாரி ஹாரனை அடித்துக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனார்.

பதினோரு மணிக்கு சம்பத் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாய்யா? கடிதம்னு சொன்னதும் விரல் தானா ஒழுங்கா வேலை செய்யுது. உன் புரோகிராமை நான் சந்தேகப்பட்டது தப்புதான்." பிறகு கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "கையெழுத்தப் போடும்மா. முடிஞ்சது."

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் என்னைப் பாராட்டியது இதமாக இருந்தது. வண்டி ஓடுகிறது, அவள் வேலையும் போகப் போவதில்லை, ஒரு கையெழுத்துத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சீ, இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கஸ்தூரி பேனாவைத் தொடவில்லை. நடந்ததைப் போட்டு உடைத்திருக்கலாம், உடைக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"பண்ணாத தப்புக்கு கையெழுத்து போட மாட்டேன் சார். வேல போனா போகட்டும். நேத்து வரைக்கும் தப்பா அடிச்ச வெரலு இன்னிக்கு எப்டி திருந்துச்சுன்னு இந்த சாரே சொல்லட்டும்."

 கடிதத்தை என் பக்கம் இழுத்தேன். அவள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். மேலே இருந்த இரண்டு வரியையும் மாற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

"என்னய்யா பண்றே?" என்றார் சம்பத்.

"தப்பு ஸ்கிரிப்ட்ல சார். அந்தப் பொண்ணு அடிச்சதுல ஒரு எழுத்துகூடத் தப்பு இல்ல. கண்டுபிடிச்சதும் அவங்கதான்."

அவர் கடிதத்தை எடுத்துப் படித்தார். "அப்போ திங்கட்கிழமை வா" என்று அவளிடம் சொன்னார். என்னிடம் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை.

வெளியிலிருந்து வரும் எந்த டெக்ஸ்ட் ஃபைலைப் படித்தாலும், வரி எப்படி முடிகிறது என்று முதலில் பாருங்கள். எந்த மெஷினில் அடித்தது என்று கேளுங்கள். எப்படி முடிந்தாலும் படிக்கிற மாதிரி எழுதுங்கள். திரையில் தெரிவதை நம்பி யார் மேலும் பழி போடாதீர்கள், od -c போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பார்த்த பிறகு தப்பு உங்களுடையது என்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் ஒரு ராத்திரி தள்ளிப் போட்டதற்கே அந்தப் பெண் வேலையைப் பணயம் வைக்க வேண்டியதாயிற்று.

அன்று மத்தியானம் கஸ்தூரி என் அறைக்கு வந்து அந்தக் கடிதத்துக்கு ஒரு ஜெராக்ஸ் கேட்டாள்.

"உனக்கு எதுக்கும்மா? அதான் எல்லாம் சரியாப் போச்சே" என்றேன்.

"அடுத்த தபா நம்பர் கீதான்னு பாக்காமலே இல்லன்னு சொன்னீங்கன்னா, காட்டறதுக்கு சார்."

கொடுத்தேன். நாலாக மடித்து டிபன் பையில் வைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். நான் அந்த யார்டை விட்டு வரும்வரை, ரெண்டாவது கேட்டிலிருந்து புகார் வந்தால் முதலில் என் ஸ்கிரிப்டைத்தான் திறந்து பார்ப்பேன்.