பார்க்க வேண்டாம் என்று நான் சொன்ன படம்

நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைகளைத் திரைப்படத்துக்குக் கூட்டிப் போகும் முன் ஆசிரியர் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். பல வருடம் அந்த ஒருவர் நான்தான். 'காட்டலாம்', 'வேண்டாம்' என்று ஒரே வார்த்தை சொல்வேன். காரணம் யாரும் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகும், சபையில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகிறவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டுதான் எந்தப் படத்தையும் பிள்ளைகளுக்குப் போடுவார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இனி அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

அந்தப் பழக்கத்தில்தான் என் மகனும் என்னிடம் கேட்டான். மருமகள் மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பேத்திக்கு எட்டு வயது. ராஜபாளையத்தில் என்னோடு இருந்தாள்.

"அவ புள்ளையப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்காப்பா. கூட்டிட்டு வாரிங்களா?"

"வேண்டாம்ப்பா. மூக்குல குழாயும் அதுவுமா. அந்த முகம்தான் புள்ள மனசுல நிக்கும்."

அவன் மறுபேச்சுப் பேசவில்லை. பத்து நாளில் மருமகள் போய்விட்டாள். பேத்தி பார்த்தது பெட்டிக்குள் பூவுக்கு நடுவே இருந்த முகத்தை மட்டும்தான்.

மறு வருடம் கோடை விடுமுறைக்கு, மகன் தான் குடியிருந்த பெங்களூரிலிருந்து அவளை என்னிடம் அனுப்பினான். அந்தச் சமயம் ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டரில் தமிழில் பேசும் பொம்மைப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவை இழந்த ஒரு பெண், ஏரிக்கு அடியில் இருக்கும் ஓர் ஊருக்குப் போய் அம்மாவைப் பார்க்கிறாள் என்று பக்கத்து வீட்டுப் பெண் பேத்தியிடம் கதை சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் ஒரு தடவை, "தாத்தா, அந்தப் படத்துக்குப் போலாமா?"

மகனிடம் போனில் சொன்னேன். "நீங்க ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்கப்பா. தாங்குவாளான்னு எனக்குத் தெரியல" என்றான்.

பேத்தியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் காலைக் காட்சிக்குப் பஸ் ஏறினேன். டிக்கெட் கொடுப்பவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பொம்மப் படத்துக்கு ஒத்த ஆளா வந்திருக்கிய. புள்ளைய எங்க?"

"புள்ளைக்குக் காட்டலாமான்னு பாக்க வந்தேன்."

"அப்பம் நல்லாப் பாத்துச் சொல்லுங்க பெரியவரே. எங்க வீட்டம்மா நேத்துப் பாத்துட்டு அழுத அழுகையில சோறே பொங்கல."

படத்தில் சேற்றால் ஆன பூதம் ஒன்று வந்தது. உடம்பெல்லாம் கரி நிறத்தில் வழிய, திரை முழுக்க எழுந்து நின்றது. நான் நாற்காலியில் பின்னால் சாய்ந்துவிட்டேன். முன் வரிசையில் ஒரு பொடியன், "ஏலே, குளிச்சிட்டு வாலே" என்று கத்தினான். தியேட்டரே சிரித்தது. எந்தப் பிள்ளையும் பயப்படவில்லை.

பிறகு அந்தப் பெண் ஏரிக்கு அடியில் அம்மாவின் வீட்டுக்குப் போனாள். அம்மா பெரிதாக ஒன்றும் பேசவில்லை. மகளின் தலையில் சிக்கியிருந்த பாசியை எடுத்துவிட்டுப் பின்னினாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். பல் விழுந்துவிட்டதா, காட்டு என்றாள். "வீட்டுக்கு வாம்மா" என்று மகள் கூப்பிட்டபோது, "வர முடியாது கண்ணு. நீ வந்து பாத்தியே, அது போதும்" என்றாள்.

கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். மீதிப் படம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அது பிள்ளைகளுக்கு ஏற்ற படம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொல்லப்போனால் என் பேத்திக்கு மிகவும் ஏற்ற படம். ஆனால் அந்தக் காட்சி வரும்போது நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் திரும்பி என்னைப் பார்ப்பாள். எனக்கு அது முடியாது என்று தோன்றியது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு பால்கோவா பாக்கெட் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

"பூதம் ரொம்பப் பயங்கரமா இருக்கு பாப்பா. உனக்கு ஒத்து வராது."

"பூதம் காமெடின்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்களே."

"அவ பெரிய புள்ள."

பால்கோவாவைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். சாப்பிடவில்லை. "அந்தப் பொண்ணு அவங்க அம்மாவப் பாத்தாளா?" என்று கேட்டாள்.

"பாத்தா."

"என்ன பேசுனாங்க?"

"ஞாபகம் இல்ல" என்றேன்.

நான் சொன்ன பொய்களில் இதுதான் மோசமானது. மகனிடமும் பூதத்தைத்தான் காரணமாகச் சொன்னேன்.

அதற்குப் பின் எந்தக் கோடையிலும் அவள் என்னைப் படத்துக்குக் கூப்பிடவில்லை. வருவாள், மரியாதையாக இருப்பாள், மாம்பழம் அறுத்துக் கொடுத்தால் சாப்பிடுவாள், போய்விடுவாள். அந்தத் தியேட்டரைப் பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு வரும். இருட்டில் என் பக்கத்து நாற்காலியில் கால் தரைக்கு எட்டாமல் அவள் உட்கார்ந்திருக்கிறாள். பூதத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்தக் காட்சி வருகிறது. என் கையைப் பிடித்துக்கொள்கிறாள், அல்லது பிடிக்காமல் அழுகிறாள். எதுவாக இருந்தாலும் சரி, நான் அங்கே இருக்கிறேன். நடக்காத அந்தக் காலைக் காட்சிக்கு நான் எத்தனையோ தடவை போய் வந்துவிட்டேன்.

இந்த மே மாதம் வந்திருந்தாள். பதினாலு வயது. பத்தாம் வகுப்புப் பாடத்தை இப்போதே படித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஏரிக்கு அடியில போற படம் டிவில கிடைக்குமா பாப்பா?"

"அதுவா? அது சின்னப் பிள்ளைங்க படம் தாத்தா."

"நீ பாத்துட்டியா?"

"இல்ல. நீங்கதான வேண்டாம்னு சொன்னீங்க."

கோபம் எதுவும் அவள் குரலில் இல்லை. ரிமோட்டை எடுத்து, தேடிப் பிடித்து எனக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளறைக்குப் படிக்கப் போய்விட்டாள்.

அம்மா வீட்டுக் கதவு திறக்கும் இடம் வந்ததும் சத்தத்தைக் குறைத்தேன். உள்ளே அவளுக்குக் கேட்கக் கூடாது என்று கை தானாகச் செய்தது. செய்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. திரும்பவும் கூட்டினேன். முன்பிருந்ததைவிடக் கூடுதலாகவே வைத்தேன்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. கதவருகே வந்து நின்றாள். சாப்பிட்டாயா, பல் விழுந்துவிட்டதா, எல்லாம் வந்துபோனது.

"இதுக்கா வேண்டாம்னீங்க?"

"ஆமா." ரிமோட்டைக் கீழே வைத்தேன். "ஆஸ்பத்திரியில உங்கம்மா உன்னையப் பாக்கணும்னு கேட்டா பாப்பா. நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

"அப்பா சொன்னாங்க."

"எப்பம்?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

அப்படியானால் இரண்டு கோடைகள் அதைத் தெரிந்துகொண்டேதான் இந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். பக்கத்தில் கிடந்த செய்தித்தாள்களை எடுத்துக் கீழே போட்டு இடம் ஒதுக்கினேன். அவள் உட்காரவில்லை. உள்ளே போகவும் இல்லை. கதவில் சாய்ந்தபடியே படம் முடியும்வரை நின்று பார்த்தாள்.