நண்டு வாசனைக்குப் போட்ட சாம்பிராணி

வீட்டுக்கார நைனா, எங்கம்மாவை நண்டு சமைக்கப் பயப்பட வைத்தவர் நீங்கள்தான்.

நேற்று என் மகள் மைதா மாவுக்குள் நண்டுக் கறியும் சீஸும் அடைத்து, இத்தாலியப் பலகாரம் என்று ஓவனில் சுட்டாள். பூண்டும் வெண்ணெயும் நண்டும் வீடெங்கும் மணந்தன. அம்மா உடனே ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாம்பிராணி போட்டாள்.

நான் சிறுமியாக இருந்தபோது, உத்திரமேரூரில் உங்கள் வீட்டில்தான் வாடகைக்கு இருந்தோம். நடவுக்குப் போன அம்மா முந்தானையில் வயல் நண்டு முடிந்து வருவாள். அம்மியில் மிளகு நசுங்கும் சத்தம் கேட்டாலே எனக்கு எச்சில் ஊறும். ஒருநாள் குழம்பு கொதிக்கும்போது நீங்கள் வந்தீர்கள்.

"இன்னாம்மே, தெருவே நாறுது! வயல் நண்டு துன்றவங்களுக்கு என் வூட்ல எடமில்ல."

எரிகிற அடுப்பில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினீர்கள். சாம்பல் கலந்த குழம்பை அம்மா கொட்டினாள். அதன்பின் நண்டு சமைக்கும்போதெல்லாம் கதவைச் சாத்திச் சாம்பிராணி போட்டாள். "இன்னாக்கா, டெய்லி பூஜையா?" என்று எதிர்வீட்டில் சிரிப்பார்கள்.

அதே நீங்கள் நேற்று பேத்தியின் கல்யாணப் பத்திரிகையோடு வந்து, "சூப்பரா கீதும்மா, இன்னொரு துண்டு குடு" என்று கேட்டு வாங்கித் தின்றீர்கள். அதற்குள் இருந்ததும் வயல் நண்டுதான்.

நீங்கள் போகும்வரை அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. கல்யாணத்துக்கு அவளைக் கூட்டி வருகிறேன். ஊரே உட்கார்ந்திருக்கும் பந்தலில் அவளுக்குப் பதில் சொல்லுங்கள்: அன்று நாறியது எது?